சாரல் காலத்தில் டிரையர் சுடவில்லை: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா, கேரளத் தோர்த்துத் துண்டுக்கு மாறுவதா?

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை. செங்கோட்டையிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் எங்கள் வீட்டு மாடியை நான்கு அறையாகத் தடுத்து சீசனுக்கு வாடகைக்கு விடுகிறோம். அன்று நான்கிலும் ஆள். வருகிறவர்கள் காலையில் பழைய அருவி, மத்தியானம் ஐந்தருவி, ராத்திரி மெயினருவி என்று ஒரே நாளில் மூன்று தடவை குளிப்பார்கள். மூன்று தடவையும் துண்டு கேட்பார்கள். வெளியே ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வருகிறது. கொடியில் போட்ட துணி சாயங்காலம் வரை போட்டபடியே கிடக்கும், கூடுதலாக ஈர வாடை வேறு ஏறியிருக்கும். அதற்காகவே ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிரையர் வாங்கினோம். ஏழு கிலோ கொள்ளும், ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிற வகை. அன்றைக்கும் அது ஓடியது, டிரம் சுற்றியது. ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் திறந்தால் டவலெல்லாம் ஜில்லென்று கிடந்தது.

"ஓடுது, ஆனா சுடல" என்றேன். "அப்ப எதுக்கு ஓடுது?" என்றார் அத்தை.

இந்த நிலைமையில் மாட்டுகிறவர்களுக்கு முன்னால் இருப்பவை நான்கு வழி. நாமே திறந்து பார்ப்பது, ஆளைக் கூப்பிடுவது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவது, மெஷினே இல்லாமல் ஓட்டுவது. நான்கையுமே நான் செய்து பார்த்துவிட்டேன், வாங்குவதில் மட்டும் கடைவாசல் வரை போய்த் திரும்பினேன். எனக்குப் படுவதைச் சொல்கிறேன். ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் அரை மணி நேரம் மெஷினோடு உட்கார வேண்டும். என்ன வியாதி என்று தெரியாமல் வைத்தியத்தின் விலையை ஒப்பிட்டு என்ன பயன்?

முதலில் வோல்டேஜ். எங்கள் ஊரில் சீசன் வந்தால் சுற்றியுள்ள லாட்ஜ் எல்லாவற்றிலும் காலை ஆறு மணிக்கு கீசர் போடுவார்கள். எங்கள் வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால் அந்நேரம் 180 வோல்ட்தான் காட்டும். ஹீட்டரின் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். 230-ல் 2,100 வாட் தருகிற ஹீட்டர் காயில் (சுருள் கம்பி), 180-க்கு வந்தால் 1,290 வாட்டை ஒட்டித்தான் தரும், கிட்டத்தட்ட 61 சதவீதம். மோட்டார் எப்படியோ சுற்றிக்கொண்டிருக்கும், துணி மட்டும் காயாது. ஆகவே "சூடு குறைச்சல்" என்பதும் "சூடே இல்லை" என்பதும் இரண்டு வேறு சங்கதி. குறைச்சல் என்றால் மதியம் இரண்டு மணிக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது காய்ந்தால் மெஷின் பேரில் குற்றம் இல்லை.

அடுத்தது, வெறும் காற்று மட்டும் விடுகிற செட்டிங்கில் யாராவது திருப்பி வைத்திருக்கிறார்களா என்பது. சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டிலேயே என் வீட்டுக்காரர் ஒரு தடவை இதைச் செய்திருக்கிறார். ஓட்டத்தின் கடைசிச் சில நிமிஷம் எல்லா டிரையரும் சூட்டை நிறுத்தித் துணியை ஆற வைக்கும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். பிறகு பஞ்சு பிடிக்கிற வலைத்தட்டு அடைத்திருக்கிறதா என்பது.

வீடியோ பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "டிரம் சுத்துது, சூடு வரல" என்று தேடினால் வருகிற ஆங்கில வீடியோக்களில் பாதி, முதலில் பிரேக்கர் பெட்டியைப் பார்க்கச் சொல்லும். அது அமெரிக்காவுக்குச் சரி. அங்கே டிரையருக்கு இரண்டு லைன் வருகிறது. மோட்டார் ஒரு லைனின் 120 வோல்ட்டில் ஓடும், ஹீட்டருக்கு இரண்டும் சேர்ந்த 240 வோல்ட் வேண்டும். ஒரு லைன் போனால் டிரம் சுற்றும், சூடு வராது. நமக்கு வருவது ஒரே 230 வோல்ட் லைன். அது போனால் விளக்குகூட எரியாது. நம் ஊரில் டிரம் சுற்றுகிறது என்றால் பிளக் வரை கரண்ட் வருகிறது என்று அர்த்தம், கோளாறு மெஷினுக்குள்ளே.

நான் முதலில் எடுத்த வழி எல்லாரும் எடுப்பதுதான். ஊரில் மிக்ஸி, மோட்டார், கீசர் பார்க்கிற தம்பியைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளை, போன் போட்ட ஒரு மணி நேரத்தில் வந்தான். பின்பக்கத் தகட்டைக் கழற்றினான், டெஸ்டரை இங்கும் அங்கும் வைத்தான், பத்து நிமிஷத்தில் மூடினான்.

"யக்கா, உள்ள ஒரு சின்ன பியூசு போயிருந்தது. டைரக்ட் குடுத்துட்டேன். இனி அந்தப் பிரச்சினையே வராது."

உண்மைதான், வரவில்லை. துணி முன்னைவிட வேகமாகக் காய்ந்தது. அவனுக்குக் கொடுத்த 300 ரூபாய் ரொம்பக் குறைச்சல் என்றுகூட நினைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு வெள்ளை டவலின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்தால் வருமே, அந்த வாடை. டிரம்முக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன், அங்கேயும் அதே வாடை. பிளக்கைப் பிடுங்கினேன்.

அந்தச் சின்ன பியூசுக்குத் தெர்மல் பியூஸ் என்று பெயர். கரண்ட் கூடினால் போகிற பியூஸ் வேறு, இது சூடு எல்லை மீறினால் போவது. ஒரு தடவைதான், போனால் போனதுதான். ஹீட்டருக்குப் போகிற கரண்ட் இதைத் தாண்டித்தான் போகும். காற்றோட்டம் எங்கோ அடைபட்டு உள்ளே வெக்கை தேங்கினால், இது தன்னை அறுத்துக்கொண்டு ஹீட்டரை நிறுத்தும். அந்த இடத்தில் வயரைச் சேர்த்துவிட்டால் ஹீட்டர் எரியும்தான். அடைப்பு மட்டும் அப்படியே இருக்கும், நிறுத்துவதற்கு ஆளில்லாமல். டிரையருக்குள் சேர்கிற பஞ்சு எப்படிப் பற்றும் என்று பார்க்க ஆசையிருந்தால், கொஞ்சம் எடுத்து முற்றத்தில் வைத்து ஒரு தீக்குச்சி கிழித்துப் பாருங்கள். கார்த்திகை சொக்கப்பனைக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். கீசரும் மோட்டாரும் பார்க்கிறவனுக்கு "கரண்ட் போகணும், வேலை முடியணும்" என்பதுதான் கணக்கு. ஆனால் ஆளைக் கூப்பிடுகிற வழியைத் தேர்ந்தெடுத்தால் பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். போன பாகத்தைக் கையில் காட்டு, அது ஏன் போச்சு? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் வேலை முடியவில்லை.

கம்பெனி ஆள் என்றால் வேறு கதை. எனக்குக் கேரளத்துப் புனலூரும் ஒன்றுதான், திருநெல்வேலியும் ஒன்றுதான். புனலூர் 50 கிலோமீட்டரை ஒட்டி, நெல்லை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் போனில் பின்கோடு சொன்னதுமே நான் தமிழ்நாட்டுக் கணக்கில் போய்விடுவேன். நெல்லையில் ஆள் ஒழியும்போதுதான் எனக்கு முறை, சீசனில் அது எட்டு நாள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் புனலூர்ச் சேட்டன் மறுநாளே வந்திருப்பார் என்று அத்தை இன்றைக்கும் சொல்வார், டிரையருக்கு மட்டும் இல்லை, எதற்கெடுத்தாலும். வாரன்டி இருந்தால் எட்டு நாளானாலும் கம்பெனி ஆளுக்குக் காத்திருங்கள், வேறு யாரையும் தொட விடாதீர்கள். வாரன்டி முடிந்திருந்தால் இந்த வழி சீசன்காரர்களுக்கு ஒத்து வராது.

ஆகவே நானே திறந்தேன். பிளக்கைப் பிடுங்கி, காலில் ரப்பர் செருப்பு, தரை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு. கையில் ஒரு மல்டிமீட்டர், கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. நான் எலக்ட்ரிகல் படித்தவள் இல்லை. மீட்டரின் இரண்டு முனையையும் ஒரு பாகத்தின் இரண்டு பக்கமும் வைத்தால், உள்ளே வழி இருந்தால் "பீப்" என்று கத்தும், அறுந்திருந்தால் ஊமையாக இருக்கும். பாதி வேலைக்கு இது போதும்.

வரிசை இதுதான். தெர்மல் பியூஸ் பீப் அடிக்க வேண்டும். சூட்டை அளவோடு வைக்கிற தெர்மோஸ்டாட்டுகளும், மெஷின் ஆறியிருக்கும்போது, பீப் அடிக்க வேண்டும். சில மாடல்களில் ஹீட்டர் பெட்டியோடு இருக்கிற தெர்மோஸ்டாட்டின் நடுவில் சின்னப் பொத்தான் இருக்கும். சூடு மீறியிருந்தால் அது வெளியே துருத்தி நிற்கும், பென்சில் முனையால் அழுத்தினால் "டக்" என்று உள்ளே போகும். அதோடு வேலை முடிந்துபோன வீடுகளும் உண்டு. ஹீட்டர் காயிலுக்குப் பீப் போதாது, ஓம் கணக்கில் பாருங்கள். 2,100 வாட் காயில் என்றால் 25 ஓமை ஒட்டிக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. அடுத்து மீட்டரின் ஒரு முனையைக் காயிலிலும் மறுமுனையை மெஷினின் தகரத்திலும் வையுங்கள். இங்கே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் காயில் தொய்ந்து உடம்பைத் தொடுகிறது, அந்த மெஷினில் பிளக் சொருகவே கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் சூடு இல்லையென்றால் சந்தேகம் மெஷினை இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டு மேலே போகும், அல்லது மோட்டார் வேகமெடுத்த பிறகு ஹீட்டருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச் மேலே. அதைக் கண்டுபிடிக்க மெஷினை ஓடவிட்டு உள்ளே அளக்க வேண்டும். நான் அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன், நீங்களும் நிறுத்திவிடுங்கள். இங்கே ஐப்பசி இடிக்குப் பிறகு போர்டு போன கதைகள் நிறைய உண்டு.

என் மெஷினில் காயில் 26 ஓம், தெர்மோஸ்டாட் சரி. பியூஸ் இருந்த இடத்தில் தம்பி முறுக்கி டேப் சுற்றிய வயர். சரி, எங்கே அடைப்பு? வலைத்தட்டை நான் ஒவ்வொரு தடவையும் துடைக்கிறவள். வெளியே போகும் குழாயும் பின்னால் மடங்காமல் நேராகத்தான் இருந்தது. குழாய் வழியே சுவருக்கு அந்தப் பக்கம் போனேன், சாரலில் குடையோடு. குழாய் முனையில் ஒரு கொசுவலைத் துண்டு, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. கட்டியது நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல்லி அந்தக் குழாய் வழியாக டிரம்முக்குள் வந்து, ஒரு தூத்துக்குடிக் குடும்பத்தின் பெட்ஷீட்டோடு சேர்ந்து சுற்றியது. அதற்குப் பிறகு வலை கட்டினேன், மறந்தும் போனேன். இப்போது அந்த வலையின் உள்பக்கம் விரல் கனத்துக்குப் பஞ்சு. சாம்பல் நிறம், ஈரமாக, கம்பளித் துண்டு மாதிரி இழைந்து ஒட்டிக் கிடந்தது. பிய்த்தால் ஒரே வட்டமாகக் கையோடு வந்தது. குழாய்க்கு மூடி போட்ட மாதிரிதான்.

வலையை எடுத்துவிட்டு, காற்று தள்ளும்போது திறந்து, நின்றால் தானாக மூடிக்கொள்கிற மடல் வைத்த வாய் ஒன்று மாட்டினேன். தெர்மல் பியூஸ் புனலூரில் உதிரிப் பாகக் கடையில் கிடைத்தது. பழைய பியூஸ் மேலேயே அச்சடித்திருந்த வெப்பநிலையையும் ஆம்பியரையும் ஒத்துப் பார்த்துத்தான் வாங்கினேன், கூடினது போட்டாலும் ஆபத்து, குறைந்தது போட்டாலும் அடிக்கடி போகும். கொல்லம் வண்டியில் போய் வந்த டிக்கெட்டும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது.

இதற்கு நடுவில் புதிது வாங்குகிற யோசனையும் ஓடியது. என் வீட்டுக்காரர் தென்காசியில் கடைக்குக் கூட்டிக்கொண்டே போனார். மூன்று ஜாதி உண்டு. எங்களுடையது போல ஈரக் காற்றை வெளியே தள்ளுவது, விலை குறைவு, பாகங்கள் எளிது, சுவரில் ஓட்டை வேண்டும். இரண்டாவது கன்டென்சர் வகை, ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் பிடிக்கும், ஓட்டை வேண்டாம், கரண்ட் செலவு முதலாவதை ஒட்டித்தான், அறை வெக்கையாகும். மூன்றாவது ஹீட் பம்ப். அதில் ஹீட்டருக்குப் பதிலாக ஏசியில் இருப்பது போல கம்ப்ரசர். அதே துணிக்குப் பாதி கரண்ட், சில மாடலில் அதற்கும் குறைவு. கருகுகிற பயமும் கிடையாது, மிதமான சூட்டிலேயே காயவைக்கும். ஆனால் நேரம் கூடும், விலை முதல் வகையைப் போல இரண்டு மூன்று மடங்கு.

வருஷம் முழுக்கத் தினமும் ஓட்டுகிற வீடாக இருந்தால், மூணாறு, வால்பாறை மாதிரி மழை விடாத ஊராக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஹீட் பம்ப்தான் சொல்வேன். எங்களுக்கு ஓட்டம் ஆனி முதல் ஆவணி வரை, அவ்வளவுதான். மிச்சப்படுகிற கரண்ட் அந்த விலையை ஈடுகட்டப் பல வருஷம் ஆகும். காலை 180 வோல்ட்டில் கம்ப்ரசர் மூச்சுத் திணறும், ஸ்டெபிலைசர் தனிச் செலவு. கேஸ் கசிந்தால் பார்க்க ஏசி மெக்கானிக் வேண்டும். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கல்ஃபிலிருந்து வந்த பழைய மெஷின் எல்லைக்கு அந்தப் பக்கம் அடிக்கடி விலைக்கு வரும். ஆசையாக இருக்கும். எந்த நாட்டிலிருந்து என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். துபாய், அபுதாபி என்றால் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ், பிளக்கை மாற்றினால் போதும். சவுதி என்றால் 60 ஹெர்ட்ஸ். ஹீட்டருக்கு அது பொருட்டில்லை, சாதாரண மோட்டார் நம் கரண்டில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், காற்றும் அந்த அளவு குறையும், மோட்டாரும் கூடுதலாகச் சுடும். எந்த மெஷினானாலும் 16 ஆம்பியர் பிளக்கில்தான். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி அது உருகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டதைப் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன்.

லாண்டரியில் கொடுக்கலாமே என்பார்கள். சீசனில் அவர்களுக்கும் இதே சாரல்தானே.

மெஷின் இல்லாமல் ஓட்டுகிற வழியை நான் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கின அந்த ஒரு வாரத்தில் வேறு கதியில்லை. அத்தை, கோழி மூடுகிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து உள்ளே கங்குச் சட்டி வைத்துப் பிள்ளைத்துணி காயவைத்த காலத்தைச் சொன்னார். நான்கு அறைக்கு எத்தனை பஞ்சாரம் கவிழ்ப்பது? நான் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் இரண்டு ஃபேன் போட்டுக் கொடி கட்டினேன். பெட்ஷீட் ராத்திரி போட்டால் காலையில் ஒருமாதிரி காய்ந்தது. டர்க்கி டவல் காயவே இல்லை.

அப்போதுதான் கொல்லத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் கண்ணில் பட்டது. எங்கள் டவலை அவர்கள் தொடவே இல்லை. ஆளுக்கொரு தோர்த்து, அதாவது மலையாளிகள் துவட்டுகிற மெல்லிய பருத்தித் துண்டு, கொண்டு வந்திருந்தார்கள். குளித்துவிட்டு வந்து வராந்தாக் கம்பியில் போட்டார்கள், காப்பி குடித்து முடிப்பதற்குள் பாதி உலர்ந்திருந்தது. நான் சமையலறைத் தராசை எடுத்தேன். எங்கள் டர்க்கி டவல் காய்ந்த நிலையில் 480 கிராம். அவர்களிடம் கேட்டு வாங்கி நிறுத்த தோர்த்து 110.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க எந்த மெஷினானாலும் ஏறத்தாழ 0.65 யூனிட் சூடு வேண்டும். வாஷிங் மெஷினில் பிழிந்த பிறகும் துணி தன் எடையில் சுமார் முக்கால்வாசித் தண்ணீரை வைத்திருக்கும், பிழிகிற வேகம் கூடினால் இது பாதி வரை இறங்கும். 16 டர்க்கி டவல் என்றால் அஞ்சரை லிட்டருக்கு மேல் தண்ணீர், மூன்றரை யூனிட்டுக்கு மேல், அதுவும் எதுவும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டால். 16 தோர்த்து என்றால் ஒன்றே கால், ஒன்றரை லிட்டருக்குள். கொட்டகையும் ஃபேனும் போதும், டிரையர் வேண்டியதே இல்லை. அடுத்த வாரமே பாலராமபுரம் கைத்தறித் தோர்த்து நாற்பது வாங்கினேன்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. சென்னையிலிருந்து வருகிறவர்களில் சிலர், "இது என்ன, கைத்துண்டா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்காக அலமாரியில் எட்டு டர்க்கி டவல் வைத்திருக்கிறேன், கேட்டால் கொடுப்பேன். பெட்ஷீட்டுக்கும் அந்த எட்டுக்கும்தான் இப்போது டிரையர், தினமும் ஒரே ஓட்டம், வோல்டேஜ் இறங்காத மதியத்தில்.

இதே நிலைமையில் எனக்குப் போன் போட்டுக் கேட்கிற சொந்தக்காரர்களிடம் நான் சொல்வது: பியூஸ், தெர்மோஸ்டாட், காயில் இவற்றில் ஒன்று மட்டும் போயிருந்து, டிரம் சத்தமில்லாமல் சுற்றினால், எட்டு ஒன்பது வருஷ மெஷினானாலும் பழுது பாருங்கள். போர்டு என்றால் விலையைக் கேட்டுவிட்டு யோசியுங்கள். போர்டும் போய், டிரம்மும் கரகரக்கிறது என்றால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். என்னுடையதில் இதுவரை போர்டு போகவில்லை. போனால் மாற்ற மாட்டேன். வேகமாகப் பிழிகிற ஒரு வாஷிங் மெஷினும், கொட்டகைக்கு மூன்றாவதாக ஒரு ஃபேனும் வாங்குவேன். கடையில் விலைகூடக் கேட்டு வைத்தாகிவிட்டது.